மாட்யூலர் சைட்போர்டு: அளவும் மூட்டும்

சைட்போர்டு என்றால் சுவரை ஒட்டி நீளவாக்கில் நிற்கும், இடுப்பு உயரத்துக்கு மேல் போகாத ஓர் அலமாரி. மேலே தட்டையான பலகை, கீழே கதவு வைத்த அறைகள், ஒன்றிரண்டு இழுப்பறைகள். 1950, 60களில் செய்த சைட்போர்டுகளுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய பொருள் சந்தையில் இன்று நல்ல கிராக்கி. விற்பவர்கள் அவற்றை 'மிட்-செஞ்சுரி' என்பார்கள், சிலவற்றை 'மாட்யூலர்' என்றும் சேர்த்துச் சொல்வார்கள். முதல் சொல் காலத்தைக் குறிக்கிறது: இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை. இரண்டாவது சொல், அந்த அலமாரி எப்படி யோசிக்கப்பட்டது என்பதைக் குறிக்கிறது. இந்தக் கட்டுரை அந்த யோசனையைப் பற்றியது.

முதலில் சைட்போர்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் சாப்பாட்டுக்கென்று தனி அறை இருந்தது. உணவைப் பரிமாறுவதற்கு முன் பாத்திரங்களை வைக்க அந்த அறையின் சுவரோரம் ஒரு மேசை வேண்டியிருந்தது. ராபர்ட் ஆடம் போன்ற கட்டிடக் கலைஞர்கள் அறையோடு சேர்த்தே அதையும் வரைந்தார்கள். விக்டோரியா காலத்தில் அது ஊதிப் பெருத்தது. மேலே கண்ணாடி, பக்கமெல்லாம் செதுக்கு வேலை, தூக்க நான்கு பேர் வேண்டிய கனம். குடும்பத்தின் வசதியைக் காட்டும் பொருளாகவும் ஆனது. ஓர் அறைக்கென்று செய்த ஒற்றைப் பொருள் என்பதால் வீடு மாறினால் அதைக் கொண்டுபோய் வைக்க அதே அளவு சுவர் வேண்டும்.

1945க்குப் பிறகு அந்தச் சுவர் இல்லாமல் போனது. போர் முடிந்து திரும்பிய லட்சக்கணக்கானோருக்கு வீடு தேவைப்பட்டது. 1947இல் நியூயார்க் அருகே கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் போல, ஒரே அச்சில் சிறு சிறு வீடுகள் வேகவேகமாக எழுந்தன. சாப்பாட்டு அறையும் கூடமும் ஒன்றாகிவிட்டன. தட்டு, கரண்டி, துணி, ரேடியோ, இசைத்தட்டு, கொஞ்ச காலத்தில் தொலைக்காட்சி என்று எல்லாவற்றுக்கும் கூடத்திலேயே இடம் கண்டுபிடிக்க வேண்டும். இப்படித்தான் சைட்போர்டு தாழ்ந்தது, நீண்டது, மெல்லிய கால்களில் ஏறி நின்றது. கால்கள் வெறும் அழகுக்கு வந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். அலமாரிக்கு அடியில் தரை தெரிந்தால் சின்ன அறையும் அடைசலாகத் தோன்றாது. பெருக்கித் துடைக்கவும் வசதி.

சரி, மாட்யூலர் என்றால் என்ன?

மாட்யூலர் கிச்சன் பழகிவிட்டதால் ஒரே மாதிரிப் பெட்டிகளை வரிசையாக அடுக்குவதுதான் மாட்யூலர் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் அதில் ஒரு வகைதான். ஆனால் அடிப்படையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, எல்லாத் துண்டுகளும் ஓர் அடிப்படை அளவின் மடங்குகளாக இருக்க வேண்டும். இரண்டு, எந்தத் துண்டையும் எந்தத் துண்டோடும் சேர்க்க ஒரே மாதிரியான மூட்டு இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் அலமாரி எவ்வளவு நீளம், எத்தனை கதவு, எத்தனை அடுக்கு என்பதையெல்லாம் வாங்குபவர் முடிவு செய்துகொள்ளலாம். வடிவமைப்பாளர் ஓர் அலமாரியை வரைவதில்லை. பல அலமாரிகள் பிறக்கக்கூடிய ஒரு விதித்தொகுப்பை எழுதுகிறார். ஆகவே ஒரு பழைய மாட்யூலர் சைட்போர்டைப் பார்க்கும்போது அதன் முகத்தைவிட மூலைகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வேலையின் திறமை அங்கேதான் இருக்கிறது.

அளவு எங்கிருந்து வரும்? இதற்கு டென்மார்க்கில் கிடைத்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது. கோரே கிளிண்ட் 1924 முதல் கோபன்ஹேகன் அரசு கலைக் கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்பு கற்றுக்கொடுத்தவர். அலமாரியை வரைவதற்கு முன் அதற்குள் போகப் போகும் பொருள்களை அளக்கச் சொன்னார். தட்டின் விட்டம் என்ன, மடித்த சட்டை எவ்வளவு இடம் பிடிக்கும், ஒரு குடும்பத்தில் எத்தனை கரண்டிகள் என்று அவரும் மாணவர்களும் அளந்து எழுதினார்கள். அவரிடம் படித்த பொர்கே மோகென்சென், கட்டிடக் கலைஞர் கிரேதே மேயருடன் சேர்ந்து 1950களில் உருவாக்கிய வீட்டு அலமாரித் தொகுப்பு முழுக்க இந்தக் கணக்கின் மேல் நின்றது. இழுப்பறையின் ஆழம் சட்டையிலிருந்து வந்தது, தட்டுப்பலகையின் இடைவெளி பாத்திரத்திலிருந்து வந்தது.

துண்டுகளைச் சேர்க்கும் வழி என்று பார்த்தால் அந்தக் காலத்தில் மூன்று பாதைகள் இருந்தன.

முதலாவது பெட்டி வழி. ஒவ்வொரு பெட்டியும் தனக்குத்தானே முழுமையானது. பக்கத்தில் பக்கமாக வைத்தால் வரிசை. அமெரிக்காவில் ஜார்ஜ் நெல்சன் 1946இல் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்குச் செய்தது இதுதான். சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த ஒரு நீண்ட தாழ்வான பெஞ்ச், அதன்மேல் வெவ்வேறு அகலத்தில் பெட்டிகள். ஒன்றில் இழுப்பறைகள், ஒன்றில் கதவுகள், ஒன்றில் ரேடியோ. பெட்டியை எடுத்துவிட்டால் பெஞ்சில் உட்காரலாம். அதே பெஞ்ச் இன்றும் விற்பனையில் இருக்கிறது. இந்த வழியில் ஒரு குறை உண்டு: இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் பக்கப்பலகை இரண்டாகிவிடும். மரமும் கனமும் வீண்.

இரண்டாவது சுவர் வழி. கால்களே கிடையாது. சுவரில் சட்டங்களைப் பொருத்தி, அலமாரிப் பெட்டிகளையும் தட்டுகளையும் விரும்பிய உயரத்தில் மாட்டிவிடுவது. டென்மார்க்கில் பால் கடோவியுஸ் 1948இல் செய்த ராயல் சிஸ்டமும், ஸ்வீடனில் நிசே ஸ்ட்ரின்னிங் 1949இல் கம்பி ஏணிகளால் செய்த ஸ்ட்ரிங் அலமாரியும் இந்த வகை. இதற்கு முன்னோடியாக ஜார்ஜ் நெல்சனுக்கே ஒரு யோசனை இருந்தது. வீட்டின் உள்சுவர்களைக் கொஞ்சம் தடிமனாக்கி சுவரையே அலமாரியாக்கலாமே என்ற அவரது யோசனை 1945 ஜனவரியில் 'லைஃப்' பத்திரிகையில் படங்களோடு வந்து பெரிய பேச்சானது. ஹெர்மன் மில்லர் நிறுவனத் தலைவர் டி.ஜே. டி பிரீயின் கவனத்துக்கு நெல்சன் வந்ததும் அந்தக் கட்டுரையால்தான்.

மூன்றாவது சட்டக வழி. என் கணக்கில் உண்மையான புரட்சி இங்கேதான் நடந்தது. இதில் பெட்டி என்ற ஒன்றே இல்லை. மெல்லிய இரும்புச் சட்டகம் எடையைச் சுமக்கிறது. பலகைகள் வெறுமனே இடைவெளியை மூடுகின்றன. பக்கத்து அறைகள் இரண்டும் நடுவில் உள்ள ஒரே தூணைப் பகிர்ந்துகொள்ளும். நம் மளிகைக் கடைகளிலும் குடோன்களிலும் வரிசையாக ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள் ரேக் பார்த்திருப்பீர்கள். டெக்சியன் என்ற பெயரில் டெமிட்ரியஸ் கோமினோ அதை லண்டனில் 1947இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஏறக்குறைய அதே நேரத்தில்தான் கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி அதே இரும்பு ஆங்கிளை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவர முயன்றார்கள்.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ். சார்லஸ் ஏற்கெனவே 1940இல் நண்பர் ஈரோ சாரினெனோடு சேர்ந்து, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய மரச்சாமான் போட்டியில் கலந்துகொண்டவர். பெஞ்சுகள்மேல் ஒரே அளவுமுறையில் அமைந்த அலமாரிப் பெட்டிகளுக்கு அவர்கள் பரிசு பெற்றார்கள். போருக்குப் பிறகு, 1949இல், சார்லசும் ரேயும் பசிபிக் பாலிசேட்ஸ் குன்றில் தங்கள் வீட்டைக் கட்டி முடித்தார்கள். தொழிற்சாலைக் கட்டிடங்களுக்கென்று விற்கும் இரும்பு உத்தரங்கள், இரும்பு ஜன்னல்கள், கேட்லாக்கில் ஆர்டர் கொடுத்தால் வந்து இறங்கும் பொருள்கள். இவற்றைக்கொண்டே வீடு எழுந்தது. இரும்புக் கட்டங்களுக்கு நடுவே கண்ணாடியும் வெள்ளை, நீலம், சிவப்பு, கறுப்புப் பலகைகளும். கட்டங்கள் கோணாமல் இருக்க அங்கங்கே குறுக்குக் கம்பிகள்.

அடுத்த ஆண்டு, 1950இல், ஹெர்மன் மில்லர் வழியாக வந்த ஈம்ஸ் ஸ்டோரேஜ் யூனிட் அந்த வீட்டையே சின்னதாக்கி அலமாரியாக்கியது போல இருந்தது. சுருக்கமாக இ.எஸ்.யு. இதன் தாழ்வான வகைகளைத்தான் சைட்போர்டாகப் பயன்படுத்தினார்கள். உயரமான நான்கு அடுக்கு வகையும் உண்டு.

கிட்டப் போய்ப் பார்ப்போம். மூலைக்கு ஒன்றாக நிற்பது ஜிங்க் பூச்சு கொடுத்த எல்-ஆங்கிள். அதில் போல்ட் போட வரிசையாகத் துளைகள். தட்டுகள் பிளைவுட். பின்புறமும் பக்கங்களும் மூடப்படுவது வண்ணம் பூசிய ஹார்ட்போர்டால். சில இடங்களில் துளையிட்ட உலோகத் தகடு. திறந்தே விட்ட பக்கங்களில் எக்ஸ் வடிவத்தில் இரண்டு மெல்லிய கம்பிகள். இந்தக் கம்பி எதற்கு என்று கேட்டால் ஒரு சின்னப் பரிசோதனை போதும். நான்கு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணி வைத்துச் சதுரமாக்கி ஒரு பக்கம் தள்ளுங்கள், சரிந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குச்சி வைத்துவிட்டால் அசையாது. மூடிய பக்கத்தில் பலகை அந்த வேலையைச் செய்துவிடுகிறது. திறந்த பக்கத்தில் கம்பி செய்கிறது. பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் இருக்கும் அதே ஏற்பாடு. பழைய மரவேலையில் இதையெல்லாம் பின்பலகைக்குள் மறைத்து வைப்பார்கள். ஈம்ஸ் தம்பதி வெளியே தெரிய விட்டார்கள்.

தள்ளுகதவுகளில் சிலவற்றைத் தடவிப் பார்த்தால் வட்ட வட்டமாகக் குழிவு தெரியும். மெல்லிய பிளைவுட்டை அச்சில் அழுத்தி எடுத்தவை. தட்டையான மெல்லிய பலகை எளிதில் வளைந்துவிடும். குழிவுகள் அதற்கு விறைப்பைத் தருகின்றன, கதவைத் தள்ள விரலுக்குப் பிடியும் கிடைக்கிறது. கைப்பிடி என்று தனியாக எதுவும் தேவையில்லை. அலங்காரமும் பொறியியலும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதற்கு இந்தக் கதவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இவ்வளவும் இருந்தும் இ.எஸ்.யு. விலை போகவில்லை. ஆரம்பத்தில் அதைப் பிரித்த நிலையிலேயே அனுப்பி, வீட்டில் பூட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வாங்கியவர்களுக்கு அது சிரமமாக இருந்தது. முழுதாகப் பூட்டி அனுப்பினால் வழியில் மெல்லிய கால்கள் வளைந்தன. 1952இல் கால்களை உறுதியாக்கி மாற்றிச் செய்தார்கள். ஆனாலும் அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பங்களுக்குக் கூடத்தில் இரும்பு ஆங்கிளைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. தொழிற்சாலை போல இருக்கிறது என்று தோன்றியது. 1955இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஐந்தே ஆண்டுகள் வந்ததால் அசல் இ.எஸ்.யு.கள் இன்று அரிது. ஏலத்தில் பல ஆயிரம் டாலருக்குப் போகின்றன. குறைந்த விலையில் எல்லோருக்கும் என்று நினைத்துச் செய்த பொருள் இப்படி ஆனது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஐரோப்பாவில் மரத்தை விட்டுவிடாமலேயே மாட்யூலர் ஆனவர்களும் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து பாஸ்டூ நிறுவனத்துக்காக சேஸ் பிராக்மன் 1955இல் செய்த அலமாரிகளில் வாடிக்கையாளரே அறைகளையும் கதவுகளையும் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 1953இல் வந்த ஜி-பிளான் அந்த அளவுக்கு மாட்யூலர் இல்லை. ஆனால் முழு செட்டாக வாங்கினால்தான் உண்டு என்ற வழக்கத்தை விட்டு, கையில் காசு வரும்போது ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கலாம் என்றது. மாட்யூலர் எண்ணத்துக்குப் பின்னால் இந்தப் பணக் கணக்கும் இருக்கிறது. இன்று இரண்டு அறை, குழந்தை பிறந்த பிறகு மூன்று, பெரிய வீட்டுக்குப் போனால் ஐந்து.

அப்புறம் சுவிட்சர்லாந்து. சட்டக வழியை முழுமையாக்கியவர்கள் அங்கே இருந்தார்கள். பெர்ன் நகருக்குப் பக்கத்தில் மூன்சிங்கன் என்ற ஊரில் 1885இல் உல்ரிக் ஷேரர் தொடங்கிய இரும்புப் பட்டறை, பிறகு ஜன்னல் பொருத்துகள் செய்யும் ஆலையாக வளர்ந்தது. அதுதான் யு.எஸ்.எம். மூன்றாம் தலைமுறையில் வந்த பால் ஷேரர் ஒரு பொறியாளர். 1961இல் புதுத் தொழிற்சாலை கட்ட அவர் ஃபிரிட்ஸ் ஹாலர் என்ற கட்டிடக் கலைஞரை அழைத்தார். தேவைக்கேற்ப நீட்டவும் மாற்றவும் கூடிய இரும்புச் சட்டகக் கட்டிட முறை ஒன்றை ஹாலர் உருவாக்கினார். கட்டிடம் அப்படி இருக்கும்போது உள்ளே போடும் அலமாரி மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்க வேண்டும்? 1963இல் சொந்த அலுவலகத்துக்காக அவர்கள் செய்த அலமாரிதான் யு.எஸ்.எம். ஹாலர். விற்கும் எண்ணமே முதலில் இல்லை. 1969இல் பாரிஸ் ரோத்ஷைல்ட் வங்கி 600 பேர் உட்காரும் அலுவலகத்துக்கு ஆர்டர் கொடுத்த பிறகுதான் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது. 2001 முதல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பிலும் இருக்கிறது.

இதன் மூட்டு குரோம் பூசிய ஒரு பித்தளைப் பந்து. குறுக்களவு சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதில் ஆறு மரைத் துளைகள்: மேல், கீழ், இடம், வலம், முன், பின். இரும்புக் குழாய்கள் அந்தத் துளைகளில் இறுகுகின்றன. குழாய்களுக்கு நடுவே வண்ணப் பூச்சுக் கொடுத்த இரும்புத் தகடு வந்து உட்காரும். அவ்வளவுதான். ஆறு துளைகளில் மூன்று மட்டும் நிரம்பியிருந்தால் அது வெளி மூலை. நான்கு நிரம்பியிருந்தால் விளிம்பு, ஐந்து என்றால் வெளிமுகத்தின் நடு. ஆறும் நிரம்பியிருந்தால் அந்தப் பந்து அலமாரியின் நடுவில் எங்கோ இருக்கிறது. காலியாக இருக்கும் துளை ஒவ்வொன்றும், இங்கே இன்னும் ஓர் அறை சேர்க்கலாம் என்று சொல்கிறது.

அளவுகளிலும் அதே தெளிவு. குழாய்களின் நீளத்தைப் பந்தின் மையத்திலிருந்து அடுத்த பந்தின் மையம் வரை கணக்கிடுவார்கள். வழக்கமான அளவுகளில் சில: 175, 250, 350, 500, 750 மில்லிமீட்டர். இரண்டு 175 சேர்ந்தால் ஒரு 350. இரண்டு 250 சேர்ந்தால் 500, மூன்று சேர்ந்தால் 750. ஆகவே உயரமான ஓர் அறைக்குப் பக்கத்தில் குட்டையான இரண்டு அறைகளை அடுக்கினாலும் மேல்விளிம்பு ஒரே கோட்டில் வந்து நிற்கும்.

மையத்துக்கு மையம் என்று அளப்பதில்தான் சூட்சுமம். உள் இடத்தை மட்டும் அளந்து செய்யும் பெட்டிகளைச் சேர்க்கும்போது இணைப்புக்கு இணைப்பு பலகைகளின் கனம் கூடிக்கொண்டே போகும். மூன்றாவது பெட்டியில் கணக்கு உதைக்கும். மையத்தை அளந்தால் எத்தனை அறை சேர்த்தாலும் கடைசியில் கூடுவது ஒரு பந்தின் கனம் மட்டுமே. 750 அளவில் மூன்று அறை கொண்ட சைட்போர்டு 2250 மி.மீ. வர வேண்டும், அதோடு பந்தின் கனத்தையும் கூட்டினால் வருவதுதான் பழைய பொருள் விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கும் 227 செ.மீ. என்ற நீளம்.

இந்த மூட்டும் இந்த அளவுகளும் அன்றிலிருந்து மாறவில்லை. அதனால் 1970இல் வாங்கிய சைட்போர்டோடு இந்த ஆண்டு வாங்கிய ஓர் அறையைச் சேர்க்க முடிகிறது. மாட்யூலர் என்று பெயர் போட்டு வந்த எத்தனையோ அலமாரிகள் சில வருடங்களில் உற்பத்தி நின்று, ஓர் உடைந்த கதவுக்கு மாற்றுக் கிடைக்காமல் ஒற்றைப் பொருளாகவே ஆகிவிட்டன. புதுத் துண்டு கிடைக்கும்வரைதான் மாட்யூலர் என்ற சொல்லுக்கு அர்த்தம். இதைச் சாதித்ததற்காகவே யு.எஸ்.எம். மீது எனக்குத் தனி மதிப்பு. விலையைப் பார்த்தால் மூச்சு முட்டும் என்பது வேறு விஷயம்.

பழைய சைட்போர்டு ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாட்யூலர் அலமாரியில் துண்டுகளை மாற்ற முடியும் என்பதே அதன் பலம். பழைய பொருளாக வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் அதைத்தான். ஐந்து கதவுகளில் இரண்டு பின்னாளில் வந்தவையாக இருக்கலாம். பலகைகளைக் கழற்றி, சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தையும் வெயில் பட்ட நடுப்பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாப் பலகையிலும் நிறம் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் அவை சேர்ந்தே வாழ்ந்தவை. ஆணித் தலைகளில் புதியவை கலந்திருக்கின்றனவா, துளை இருந்தும் போல்ட் இல்லாத இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இ.எஸ்.யு. போன்றதென்றால் குறுக்குக் கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா என்பது முக்கியம். இல்லையென்றால் அலமாரி லேசாக ஆடும்.

மரத்தில் செய்ததென்றால் இன்னொரு விஷயம். அந்தக் காலத்து டேனிஷ் சைட்போர்டுகளில் பல தேக்கு வெனீர் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடு), சில ரோஸ்வுட் வெனீர். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992 முதல் சர்வதேச வணிகத் தடை இருக்கிறது. நாம் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் மரமும் அதே பேரினம்தான்; 2017இல் அந்தப் பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தது. ஆகவே ரோஸ்வுட் சைட்போர்டை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வரவழைக்க நினைத்தால் பணம் கொடுக்கும் முன்பே உரிய சான்றிதழ் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

குழாயும் பந்தும் கொண்டதென்றால் கையோடு ஒரு டேப் எடுத்துப் போங்கள். ஒரு பந்தின் நடுவிலிருந்து அடுத்த பந்தின் நடு வரை பிடித்துப் பாருங்கள். 500 என்றோ 750 என்றோ சுத்தமாக வர வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ வந்தாலும் அது வேறு யாரோ அதேபோல் செய்தது. பார்க்க ஒன்றாக இருந்தாலும் அசல் துண்டு அதில் பொருந்தாது.